சாவியைக் கொடுத்த பிறகு பாக்கி: எந்த வழியில் கேட்பது?

கோபிசெட்டிபாளையம் பக்கம் பதினாறு வருடமாக வீடும் குடோனும் கட்டிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். இத்தனை வருடத்தில் மூன்று இடத்தில் பாக்கி நின்றிருக்கிறது. இரண்டு சின்னத் தொகை, விட்டுவிட்டேன். மூன்றாவது, பெருந்துறைக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு. பாக்கி 8,40,000 ரூபாய். பால் காய்ச்சின அன்று எனக்கும் மேஸ்திரிக்கும் வேட்டி துண்டு வைத்துக் கொடுத்தார்கள். நான் சாவிக்கொத்தை வெற்றிலைத் தட்டில் வைத்துக் கொடுத்தேன். "மீதியை அடுத்த வாரம் பார்த்துக்கலாங்க இன்ஜினியர்" என்றார் வீட்டுக்காரர். அந்த அடுத்த வாரம் வருவதற்குப் பதினான்கு மாதம் ஆனது.

அந்தப் பதினான்கு மாதத்தில் வக்கீல், ஆடிட்டர், சொந்தக்காரர், டீக்கடை என்று ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். ஒவ்வொன்றையும் விசாரித்தேன். சிலதைச் செய்தும் பார்த்தேன். இதே நிலையில் இருக்கிறவர்களுக்காக, எது எதற்கு உதவும், எது காலை வாரும் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். நான் வக்கீல் இல்லை. உங்கள் காகிதங்களை ஒரு வக்கீலிடம் காட்டாமல் எதுவும் செய்யாதீர்கள்.

முதல் யோசனை கடல் தாண்டி வந்தது. சித்தப்பா மகன் சான் ஹோசேயில் இருக்கிறான். "இங்கெல்லாம் கான்ட்ராக்டருக்குப் பணம் தராம வீட்டை விக்கவே முடியாதுங்கண்ணா, வீட்டு மேலயே கடனைப் பதிஞ்சு போடுவாங்க" என்றான். உண்மைதான். அதை அங்கே லீன் என்கிறார்கள், அதாவது பற்றுரிமை. 1791இல் மேரிலாந்தில் தொடங்கியது. வாஷிங்டன் நகரத்தைப் புதிதாகக் கட்டும்போது கொத்தனாரும் தச்சரும் பணத்துக்குப் பயப்படாமல் வேலைக்கு வரவேண்டும் என்பதற்காகக் கொண்டுவந்த ஏற்பாடு. அவன் இருக்கிற கலிபோர்னியாவில் சப் கான்ட்ராக்டரும் பொருள் கொடுத்தவரும் வேலை தொடங்கி 20 நாளுக்குள் ஒரு முன்னறிவிப்பு நோட்டீஸ் கொடுக்கவேண்டும். வேலை முடிந்தால் பொதுவாக 90 நாளுக்குள் பற்றுரிமையைப் பதியவேண்டும். பதிந்ததிலிருந்து இன்னொரு 90 நாளுக்குள் வழக்குப் போடவேண்டும். இந்த இரண்டு 90 நாள் கெடுவில் ஒரு நாள் தவறினாலும் உரிமை போச்சு. ஆனால் நாளைத் தவறவிடாத ஆளுக்குக் கட்டடமே ஜாமீன்.

நம் ஊரில் இது இல்லை. கான்ட்ராக்டர் தன் பாக்கிக்காகத் தானே போய் வில்லங்கச் சான்றில் ஒரு வரி ஏற்றுகிற வழி எதுவும் நம் சட்டத்தில் கிடையாது. நமக்குச் சட்டம் கொடுத்த இங்கிலாந்திலும் கிடையாது. அங்கே 1996இல் வேறு வழி பிடித்தார்கள்: தகராறு வந்தால் ஒரு நடுவர் 28 நாளில் தீர்ப்புச் சொல்லவேண்டும், முதலில் பணம், சண்டை அப்புறம். நமக்கு அதுவும் இல்லை.

இதில் எனக்குப் பெரிய வயிற்றெரிச்சல் என்னவென்றால், கொங்கு நாட்டில் மற்றத் தொழில்காரர்கள் முக்கால்வாசிப் பேருக்கு இந்தப் பிடி உண்டு. கரூரில் பஸ்ஸுக்குப் பாடி கட்டுகிறவர் பணம் வராமல் பஸ்ஸை ஷெட்டை விட்டு எடுக்க விடமாட்டார். நாமக்கல், திருச்செங்கோடு லாரிப் பட்டறைகளிலும் அப்படித்தான். திருப்பூரில் சாயப்பட்டறைக்காரர் துணியைப் பிடித்து வைத்துக்கொண்டு "பில்லை முடிச்சுட்டு வண்டி அனுப்புங்க" என்பார். இது அடாவடி இல்லை, 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆவது பிரிவு. ஒருவர் ஒப்படைத்த பொருளின்மேல் உழைப்பும் திறமையும் போட்டவர், கூலி வரும்வரை அந்தப் பொருளை வைத்திருக்கலாம். ஆனால் அந்தப் பொருளுக்கான கூலிக்கு மட்டும்தான், பழைய பாக்கிக்கு இல்லை. கடன் தவணை கொடுத்துவிட்டாலும் இல்லை. கோட்டுத் தைத்துக் கொடுக்கிற தையல்காரர் மூன்று மாதத் தவணை சொல்லியிருந்தால் கோட்டைப் பிடித்து வைக்க முடியாது என்று சட்டத்திலேயே உதாரணம் இருக்கிறது. தொண்ணூறு நாள் கடனுக்கு ஜாப் ஒர்க் எடுக்கிறவர்கள் அந்தத் தையல்காரரை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

பஸ் என் ஷெட்டுக்கு வருகிறது. வீடு வருவதில்லை. நான்தான் அடுத்தவர் நிலத்துக்குப் போய்க் கட்டிவிட்டு இறங்கி வருகிறேன். 170 பிரிவு நகரும் பொருளுக்கு மட்டும். கம்பி, ஹாலோ பிளாக் சப்ளை செய்கிறவருக்கும் லோடு இறங்கும்வரைதான் பிடி. இறக்கியாயிற்று என்றால் அவரும் நம் வரிசையில் நிற்கவேண்டியதுதான்.

இதைக் கேட்டதும் என் மேஸ்திரி சொன்னது: "நல்லவனா இருந்தது போதுங்க. மேல் மாடியில ஒரு ரூமு பெயின்ட் வேலை பாக்கி இருக்குதுல்ல, பூட்டைப் போட்டுட்டு வந்துருவோம்." ஒரு ராத்திரி முழுக்க இதை யோசித்தேன், ஒத்துக்கொள்கிறேன். செய்யவில்லை. நிலத்தில் நமக்கு இருப்பது வேலை செய்வதற்கான அனுமதி மட்டும். பூட்டினால் அவர் ஸ்டேஷனுக்குப் போவார், அல்லது கோர்ட்டில் தடையாணை வாங்குவார். பணம் கேட்கிற ஆளாக இருந்த நாம் ஒரே நாளில் அத்துமீறிய ஆளாக மாறிவிடுவோம். சாவியைக் கொடுக்கும் முன்பு நிலைமை கொஞ்சம் வேறு. பில் வராவிட்டால் வேலையை நிறுத்தலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் தாராளமாக நிறுத்தலாம். எழுதாவிட்டால் அதுவும் வாதத்துக்கு உரியது.

அப்போது மிஞ்சுவது நோட்டீஸும் அதைத் தொடர்ந்து வருகிறவையும். வக்கீல் நோட்டீஸ் என்றாலே "அது வெறும் காகிதம், குப்பைத் தொட்டிக்குப் போகும்" என்று ஒரு கட்சி. "நோட்டீஸ் விட்டாலே பயந்து கொடுத்துருவாங்க" என்று இன்னொரு கட்சி. இரண்டும் பாதி பொய். நோட்டீஸ் செய்கிற நல்ல காரியம் ஒன்றை யாரும் சொல்வதில்லை: வட்டி. ஒப்பந்தத்தில் வட்டி பற்றி எதுவும் எழுதவில்லை, பணம் கொடுக்கும் தேதியும் எழுதவில்லை என்றால், 1978ஆம் ஆண்டு வட்டிச் சட்டப்படி, வட்டி கேட்டு எழுத்தில் நோட்டீஸ் கொடுத்த நாளிலிருந்துதான் கோர்ட்டு வட்டி கணக்குப் போட முடியும். நான் ஏழு மாதம் போனிலேயே கெஞ்சிக்கொண்டிருந்தேன். ஏழு மாத வட்டி அதோடு போச்சு.

நோட்டீஸ் செய்யாத காரியம் ஒன்றும் இருக்கிறது. காலவரம்பை அது நிறுத்தாது. பணம் கொடுக்கத் தேதி குறிக்காத வேலைக்கு, வேலை முடிந்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட்டாகவேண்டும். மூன்று நோட்டீஸ் விட்டாலும் அந்த மூன்று வருடம் மூன்று வருடம்தான். அதை நீட்டுவது எதிராளியின் கை: பாக்கி இருக்கிறது என்று அவர் கையெழுத்தோடு ஒப்புக்கொண்டால், அல்லது ஒரு பகுதியைச் செக்காகக் கொடுத்தால், அந்த நாளிலிருந்து புதிதாக மூன்று வருடம். அதுவும் பழைய கெடு முடிவதற்கு முன்பு நடக்கவேண்டும். "ஒரு 20,000க்குச் செக் கொடுங்கண்ணா, சிமெண்ட் கடைக்குக் கொடுக்கணும்" என்று கேட்டு வாங்குவதில் இப்படி ஒரு லாபமும் உண்டு.

என் நோட்டீஸ் ஒன்றரைப் பக்கம். ஒப்பந்தத் தேதி, மொத்தத் தொகை, வந்த தொகை, பாக்கி, 15 நாள் கெடு, வட்டி. வக்கீல் முதலில் எழுதிய நகலில் "கிரிமினல் நடவடிக்கை", "மோசடி" எல்லாம் இருந்தது. எடுக்கச் சொன்னேன். செய்ய முடியாததை எழுதினால் செய்ய முடிந்ததற்கும் மதிப்புப் போய்விடும். 2025 செப்டம்பரிலிருந்து பதிவுத் தபாலை விரைவுத் தபாலோடு சேர்த்துவிட்டார்கள். எப்படி அனுப்பினாலும் ரசீதையும் பட்டுவாடா விவரத்தையும் பத்திரப்படுத்துங்கள். சரியான விலாசத்துக்குப் போய், வாங்க மறுத்துத் திரும்பி வந்தாலும் கொடுத்ததாகவே கணக்கு.

பன்னிரண்டாம் நாள் பதில் நோட்டீஸ் வந்தது. தளத்தில் கசிவு, டைல்ஸ் தரமில்லை என்று ஒரு பக்கம். அப்புறம் ஒரு வரி: "எங்கள் கட்சிக்காரர் தரவேண்டியது 3,10,000 ரூபாய் மட்டுமே, மீதி கூடுதல் வேலைகளுக்கு எங்கள் கட்சிக்காரர் ஒப்புதல் தரவில்லை." எனக்குக் கோபம் வந்தது. வக்கீல் சிரித்தார். "இந்த ஒரு வரிக்குத்தாங்க நோட்டீஸ் விட்டது" என்றார். 3,10,000க்கு ஒப்புதல் எழுத்தில் வந்துவிட்டது. காலவரம்பும் புதுசாகிறது, வழக்குப் போட்டால் ஒப்புக்கொண்ட தொகைக்கு மட்டும் தனியாகத் தீர்ப்புக் கேட்கவும் வழி இருக்கிறது.

இதையே செக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வீட்டுக்காரர் கொடுத்த செக் ஒன்று கையில் இருந்து, அது பணமில்லாமல் திரும்பினால், நிற்கிற தளமே வேறு. அது மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆவது பிரிவு. திரும்பிய தகவல் பேங்கிலிருந்து வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், அவருக்கு 15 நாள் அவகாசம், அது முடிந்து ஒரு மாதத்துக்குள் புகார். செக்குத் தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் செக்கைப் பேங்கில் போட்டிருக்கவும் வேண்டும். தண்டனை இரண்டு வருடம் வரை சிறை, அல்லது செக்குத் தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். வழக்கு நடக்கும்போதே 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடு தரச் சொல்லவும் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. 2015 திருத்தத்துக்குப் பிறகு நம் கணக்கு இருக்கிற கிளை எந்த ஊரிலோ அந்த ஊர்க் கோர்ட்டிலேயே போடலாம். அவர் பெருந்துறை என்றாலும் நான் கோபியில் போடலாம். ஜாமீனுக்காகக் கொடுத்த செக் செல்லாது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். 2021இல் உச்ச நீதிமன்றம், ஜாமீன் செக் ஒன்றும் வெற்றுக் காகிதம் இல்லை, கொடுக்கவேண்டிய கெடு வந்தும் கொடுக்கவில்லை என்றால் 138 பொருந்தும் என்று சொல்லிவிட்டது.

என்னிடம் செக் இல்லை. கேட்கக் கூச்சம். மாமன் மச்சான் முறையில் வந்த வேலை, "செக் ஒண்ணு கொடுங்க"ன்னு எப்படிக் கேட்பது என்று விட்டேன். அந்தக் கூச்சத்தின் விலை எனக்கு இப்போது ரூபாய்க் கணக்கில் தெரியும்.

ஆடிட்டர் சொன்ன வழி உத்யம் பதிவு. குறு, சிறு நிறுவனமாகப் பதிந்தவருக்கு 45 நாளுக்குள் பணம் வரவேண்டும். தவறினால் ரிசர்வ் பேங்கின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் வட்டிக்கு வட்டி. இந்தப் பாக்கித் தகராறுகளைத் தீர்க்கிற வசதியாக்க மன்றம் தமிழ்நாட்டில் கோவையிலும் இருக்கிறது. அங்கே தீர்ப்பு நமக்குச் சாதகமாக வந்தால், எதிராளி அதை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போக 75 சதவீதம் கட்டிவிட்டுத்தான் போகவேண்டும். கேட்பதற்கு எல்லாவற்றிலும் இதுதான் பலமான வழி. இதில் இரண்டு பள்ளம். ஒன்று, வேலை எடுக்கும் முன்பே பதிந்திருப்பதுதான் பாதுகாப்பு. பாக்கி நின்ற பிறகு ஓடிப்போய்ப் பதிந்தால் பழைய பாக்கிக்கு உதவும் என்று நம்ப முடியாது. இன்னொன்று, பொருளும் கூலியும் கலந்த ஒப்பந்த வேலை இந்தச் சட்டத்துக்குள் வராது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. கூலிக்கு மட்டும் எடுத்த சென்ட்ரிங் வேலை, பிளம்பிங் சர்வீஸ் போன்றவற்றுக்கு இந்த வழி நன்றாகப் பொருந்தும் என்பது என் எண்ணம். மெட்டீரியலோடு சதுர அடிக் கணக்கில் எடுத்த வீட்டுக்கு, எதிர் வக்கீல் முதல் நாளே இந்தத் தீர்ப்பைத் தூக்கிப் போடுவார்.

2024 ஆரம்பத்தில் திருப்பூர், ஈரோடு வியாபாரிகளைத் தூங்கவிடாமல் செய்த வருமான வரிப் பிரிவையும் சிலர் சொன்னார்கள்: 45 நாளுக்குள் சிறு நிறுவனத்துக்குக் கொடுக்காத தொகையை அந்த வருடச் செலவாகக் காட்ட முடியாது என்பது. "அதைச் சொல்லி மிரட்டுங்க" என்றார்கள். குடோன் கட்டுவது மூலதனச் செலவு, அங்கே அந்த மிரட்டல் செல்லாது. பெயின்ட் அடித்தது, ஷீட் மாற்றியது போன்ற பராமரிப்பு வேலைக்குச் சொல்லிப் பார்க்கலாம். சொந்த வீட்டுக்காரருக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

சிவில் வழக்குக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் பண வழக்குக்குக் கோர்ட்டுக் கட்டணம் 3 சதவீதம். 8,40,000க்கு 25,200 ரூபாய். எழுத்து ஒப்பந்தமும் அதில் நிச்சயமான தொகையும் இருந்தால் சுருக்க விசாரணை வழக்காகப் போடலாம். எதிராளி வழக்காட முதலில் கோர்ட்டிடம் அனுமதி வாங்கவேண்டும், அதனால் வேகம். என் பில்லில் பாதிக்குமேல் கூடுதல் வேலை, எல்லாம் வாய்ப்பேச்சு. பரண் வேண்டும், பூஜை அறைக்கு கிரானைட் வேண்டும், காம்பவுண்டு ஓரடி உயரம் வேண்டும். "போட்டுருங்க இன்ஜினியர், கணக்குப் பார்த்துக்கலாம்." சும்மா செய்து தருகிற நோக்கம் இல்லாமல் ஒருவர் செய்து கொடுத்ததை மற்றவர் அனுபவித்தால் ஈடு தரவேண்டும் என்று ஒப்பந்தச் சட்டத்தின் 70ஆவது பிரிவு சொல்கிறது. அது உதவும். ஆனால் சாட்சி, அளவு, விலை எல்லாம் நிரூபித்தாகவேண்டும், சாதாரண வழக்கின் வேகத்தில். வாட்ஸ்அப்பில் வந்த போட்டோவும் பேச்சும் இருந்தால் போனை மாற்றிவிடாதீர்கள். மின்னணுச் சாட்சிக்குத் தனிச் சான்றிதழ் வைக்கவேண்டும்.

தீர்ப்புக்கு முன்பே அவர் வீட்டை ஜப்தி செய்யக் கேட்கலாமே என்றால், கேட்கலாம். ஆணை கிடைத்தால் வில்லங்கத்தில் ஏறும். கலிபோர்னியாவின் பற்றுரிமைக்கு நம் ஊரில் மிக அருகில் வருவது இதுதான். ஆனால் அவர் சொத்தை விற்று ஓடப் பார்க்கிறார் என்று காட்டவேண்டும். பாக்கி இருக்கிறது என்பது மட்டும் போதாது. ஜாமீன் இல்லாத கடனை ஜாமீன் உள்ள கடனாக மாற்ற இதைப் பயன்படுத்தக் கூடாது என்று 2008இல் உச்ச நீதிமன்றம் கறாராகச் சொல்லியிருக்கிறது. புதுவீட்டில் குடியிருக்கிற மனிதரைப் பற்றி அப்படிக் காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை.

மில், குடோன், கடை போன்ற கட்டடங்களுக்கு, தொகை 3 லட்சத்துக்குக் குறையாமல் இருந்தால், அது வணிக வழக்கு. அவசர உத்தரவு கேட்காத வழக்கு என்றால் முதலில் சமரசத்துக்குப் போயே ஆகவேண்டும், நேராக வழக்குப் போட்டால் மனு தள்ளுபடி. அரசாங்க வேலை என்றால் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 80ஆவது பிரிவு நோட்டீஸ் கொடுத்து இரண்டு மாதம் காத்திருக்கவேண்டும். கம்பெனியைத் திவால் சட்டத்தில் இழுப்பேன் என்கிறவர்கள், 2020 மார்ச்சிலிருந்து அதற்குக் குறைந்தபட்ச பாக்கி ஒரு கோடி என்பதைத் தெரிந்துகொள்ளட்டும். நம் மாதிரி ஆளுக்கு அது ஆகாது. நடுவர் தீர்ப்பாயமும் எட்டு லட்சத்துக்கு எனக்குக் கட்டுப்படியாகாது, நடுவர் சம்பளமே பாதியைத் தின்றுவிடும்.

நான் தேர்ந்தது இது: நோட்டீஸ், பதில் வந்ததும் வழக்கு, வழக்குப் போட்ட கையோடு லோக் அதாலத்துக்கு அனுப்பச் சொல்லி மனு. கசிவு என்று சொன்ன இடத்தை என் செலவில் சரிசெய்து கொடுத்தேன், 18,000 ரூபாய் ஆனது. மேஸ்திரிக்கு அதில் சம்மதமே இல்லை. 6,75,000க்கு முடிந்தது, இரண்டு தவணையில். கட்டிய கோர்ட்டுக் கட்டணம் திரும்பக் கிடைத்தது. அங்கே எழுதிய தீர்வு கோர்ட்டுத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது. விட்டுக்கொடுத்த 1,65,000 வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் முழுத் தொகைக்காக இன்னும் நான்கு வருடம் வாய்தாவுக்கு நடக்க எனக்குத் தெம்பில்லை. அவர் ஒப்புக்கொண்ட 3,10,000ஐ வைத்துப் பார்த்தால் மோசமில்லை.

முன்கூட்டியே கட்டடத்தின்மேல் பிடி வாங்க ஒரு வழி உண்டு. சொத்து மாற்றுச் சட்டம் 100ஆவது பிரிவின்படி, பாக்கிக்கு அந்த இடத்தின்மேல் பொறுப்பு ஏற்படுத்தி எழுதிப் பதிவு செய்வது. ஒருவரிடம் கேட்டுப் பார்த்தேன். "வீடு கட்டறதுக்கு முன்னாடியே வில்லங்கமா?" என்று எழுந்துவிட்டார். பேங்க் லோன் இருந்தால் மூலப் பத்திரம் பேங்கில், முதல் உரிமையும் பேங்குக்கே. பெரிய வணிகக் கட்டடத்துக்கு வேண்டுமானால் பேசிப் பார்க்கலாம்.

அதனால் இப்போது தவணையை மாற்றிவிட்டேன். பேஸ்மெண்ட், லிண்டல், ரூஃப், பூச்சு என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் பணம் முன்னால், வேலை பின்னால். கடைசித் தவணை மொத்தத்தில் ஐந்து சதவீதத்துக்கு மேல் நிற்பதில்லை. அதற்கும் செக் வாங்கிவிடுகிறேன், சாவி கொடுக்கிற தேதி போட்டு. பேங்க் லோன் வீடு என்றால் எந்தக் கட்டத்தில் எவ்வளவு ரிலீஸ் ஆகும் என்று பார்த்து அதற்குத் தகுந்தாற்போல் என் தவணையை வைக்கிறேன். கூடுதல் வேலைக்குக் கார்பன் வைத்த பில் புக் ஒன்று சைட்டிலேயே ஆணியில் தொங்குகிறது. என்ன வேலை, எவ்வளவு, யார் சொன்னது, கையெழுத்து. கையெழுத்து இல்லாமல் மேஸ்திரி ஒரு செங்கல்லைத் தொடமாட்டார், என்னைவிட அவர் கறார். நம்பியூர் வீட்டில் முந்தாநாள் ஏறிய வரி: சமையலறையில் கூடுதல் கடப்பா கல் ஸ்லாப் ஒன்று, 4,200 ரூபாய், வீட்டுக்காரரின் அம்மா கையெழுத்து.